நெருப்புப்பெட்டி நானா

பெரகல சந்தியில் துணிக்கடை வைத்திருப்பவரின் பெயர் ஸரூக். அந்தப் பெயர் இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. "நெருப்புப்பெட்டி நானா கடை" என்று சொன்னால் போதும், பஸ் கொண்டக்டரே சரியான இடத்தில் இறக்கிவிடுவார். நானா என்றால் முஸ்லிம் ஆட்களின் வழக்கில் அண்ணன். சட்டைப்பையில் பேனா வைத்திருக்கிற மனிதர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பீடி, சிகரட் வாடையே ஆகாத ஒரு மனிதர் சட்டைப்பையில் நெருப்புப்பெட்டியோடு திரிவதை நான் இவரிடம்தான் பார்த்தேன்.

காரணம் அவருடைய வியாபாரம். துணி வாங்க வருகிறவர் "இது பருத்தியா நானா?" என்று கேட்டுவிட்டால் அவர் வெறும் வாயால் பதில் சொல்லமாட்டார். துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவுவார். பெரகலக் காற்றுக்கு உள்ளங்கையை மறைப்பாக வைத்துக் குச்சியைக் கிழிப்பார். நூல் சாம்பலாக உதிர்ந்தால், "பாருங்க, பருத்தி" என்பார். சுருங்கி உருண்டு கறுப்பு மணியாக நின்றால், "இது பொலியெஸ்டர். பருத்தின்னு நெனச்சு வாங்காதீங்க" என்பார். விற்காமல் போனாலும் பரவாயில்லை என்று சொல்கிற ஆள். அதனால்தான் கொழுந்து எடுக்கிற பெண்கள் ஹப்புத்தளையில் பெரிய பெரிய கடைகள் இருந்தும் இவரிடம் வந்து நிற்பார்கள். அவர்கள் நம்பியது துணியை அல்ல, அந்தக் குச்சியை.

நான் சுதர்ஷினி. சந்திக்கு மேலே உள்ள பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கீழ்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தவர். எனக்கு நம்பிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே கொஞ்சம் எரிச்சல் வரும். நம்பு, நம்பு என்று சொல்லித்தான் எங்கள் ஆட்களை எல்லாரும் ஏமாற்றியிருக்கிறார்கள். ஆகவே ஸரூக் நானாவின் நெருப்புக்குச்சி எனக்குப் பிடிக்கும். வாயை மூடிக்கொண்டு செய்து காட்டுகிற மனிதரைப் பிடிக்காமல் போகுமா?

அப்படிப்பட்டவர் ஒரு வருசம் தீபாவளிக்கு முன்னால், தன் வாழ்நாளில் முதல் தடவையாக, குச்சியோடு சேர்த்து ஒரு வாக்கையும் கொடுத்தார்.

கீழ்த் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஒரு நாள் தீப்பிடித்தது. பிள்ளைக்காம்பரா என்றால் தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற அறை. அதைப் பார்த்துக்கொள்கிற பெரியாயி அக்கா மண்ணெண்ணெய் அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது காற்றில் பறந்த திரைச்சீலை அடுப்பில் விழுந்துவிட்டது. அக்கா கெட்டிக்காரி. ஈரச் சாக்கைப் போட்டு அமர்த்திவிட்டார். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் தாய்மாருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளையை அங்கே விடமாட்டோம் என்று சிலர் வேலைக்கே போகவில்லை. சிலர் முதுகில் கட்டிக்கொண்டு மழைக்குள் கொழுந்து எடுத்தார்கள்.

கடைக்கு வந்த பெண்கள் இதைச் சொல்லி அழுததை ஸரூக் நானா கேட்டிருக்கிறார். கொழும்புக்குப் போய், பெரிய ஹோட்டல்களுக்குப் போகிற, நெருப்புப் பிடிக்காத துணி என்று ஒரு கட்டு வாங்கி வந்தார். தானே தைக்கக் கொடுத்து, தானே கொண்டுபோய் மாட்டினார். சல்லி வாங்கவில்லை. தாய்மாரை எல்லாம் வாசலில் நிறுத்தி, தொங்குகிற சீலையின் நுனியில் குச்சியைக் கிழித்துப் பிடித்தார். நுனி கறுத்தது, புகைந்தது, அணைந்துபோனது. "இதுல நெருப்புப் பத்தாது. நான் சொல்றேன். என்ட புள்ளய விட்டுட்டுப் போற மாதிரி நெனச்சு விட்டுட்டுப் போங்க" என்றாராம். அடுத்த நாளே எல்லாரும் பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்குப் போனார்கள். இது அந்தத் தோட்டத்தில் எல்லாரும் சொல்கிற கதை.

அடுத்த வருசக் கடைசியில் தரம் பத்துக்கு நான் ஒரு பரிசோதனை வைத்தேன். எந்தத் துணி சீக்கிரம் எரியும், எதை ஊறவைத்தால் எரியாது என்று பார்ப்பது. லயங்களில் வயர் கருகித் தீப்பிடித்த கதை எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒன்றாவது தெரியும், ஆகவே பாடம் கசக்காது என்று நினைத்தேன். வீட்டிலிருந்து பழைய துணித் துண்டு கொண்டுவரச் சொன்னேன். உப்புத் தண்ணீர், அப்பச்சோடா, படிகாரம், வெங்காரம் என்று நான்கு வாளி. ஊறவைத்துக் கயிற்றில் காயப்போட்டோம். எங்கள் ஊர் மூடுபனியில் ஒரு கைக்குட்டை காய்வதற்குள் ஒரு பாடத்தையே முடித்துவிடலாம். ஒருவழியாகக் காய்ந்ததும், மணல் நிரப்பிய தகரத் தட்டின் மேல் இடுக்கியால் பிடித்து ஒவ்வொன்றாக எரித்தோம். சும்மா துணி பற்றியது. உப்பும் பற்றியது. அப்பச்சோடாவும் படிகாரமும் கொஞ்சம் யோசித்தன. வெங்காரத்தில் ஊறியது கறுத்து அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கடைசி வரிசை வாங்கில் ஜிப்னா இருந்தாள். ஸரூக் நானாவின் மகள். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை, அன்றைக்கு மட்டும் முகத்தில் ஒரு பெருமை.

"டீச்சர், என்ட துணிய ஊறவைக்கத் தேவையில்ல. அது வாப்பா புள்ளக்காம்பராவுக்குக் குடுத்த கட்டுல மிச்சம். அது பத்தவே பத்தாது."

அதைக் கடைசிக்கு வைத்தேன். வகுப்பு முடியும்போது ஒரு நல்ல காட்சி இருக்கட்டுமே என்று எனக்கும் ஆசை. இடுக்கியில் பிடித்துக் குச்சியைக் காட்டினேன்.

குப்பென்று பிடித்தது. சுவாலை இடுக்கி வரைக்கும் ஏறியது. நான் கையை உதறியதில் துணி தட்டில் விழுந்தது. மணலை அள்ளிப் போட்டு அணைத்தோம்.

பிறகு எவளோ ஒருத்தி, "நெருப்புப்பெட்டி நானாட துணியே பத்திக்கிச்சு" என்று சொல்ல வகுப்பே வெடித்துச் சிரித்தது. ஜிப்னா அழவில்லை. மிச்சமிருந்த பாதித் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். நான் எல்லாரையும் ஏசினேன். ஏசும்போதே எனக்கு வேறொரு நினைப்பு வந்தது. பிள்ளைக்காம்பராவில் தொங்குவதும் இதே துணி அல்லவா? வகுப்பு முடிந்ததும் தோட்டத்துக்குப் போன் எடுத்தேன், பெரியாயி அக்காவின் போன் வேலை செய்யவில்லை. காலையில் நேரே போவோம் என்று இருந்தேன்.

காலையில் என்னைப் போகவிடாமல் ஸரூக் நானா பாடசாலை வாசலில் நின்றார். தோளில் துணிக்கட்டு. முகம் சிவந்திருந்தது.

"டீச்சர், என்ட மக ராத்திரி சாப்பிடல்ல. நீங்க செஞ்சத என் கண்ணு முன்னால செய்ங்க."

"நான் ஒண்ணும் செய்யல நானா. துணிதான் செஞ்சிச்சு."

"அப்ப துணியக் கேப்போம்."

வகுப்பில் பிள்ளைகள் முன்னால் கட்டைப் பிரித்தார். ஒரு துண்டு வெட்டினார். எனது குச்சியை வாங்கவில்லை, தன் நெருப்புப்பெட்டியை எடுத்தார். நுனி கறுத்தது. புகைந்தது. அணைந்தது. இன்னொரு துண்டு. அதுவும் அணைந்தது. கட்டின் நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று. எதுவும் பற்றவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள், நேற்றுச் சிரித்தவளும் சேர்ந்து தட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதே நேரம் பெரிய நிம்மதியாகவும் இருந்தது. பிள்ளைக்காம்பராவுக்கு ஆபத்தில்லை.

"அப்ப நேத்துப் பத்தினது என்ன டீச்சர்?" என்றார்.

"அதுதானே எனக்கும் தெரியல. உங்க மக கொண்டுவந்த துணி அது."

"அது இதே கட்டு. நானே வெட்டிக் குடுத்தேன்."

ஜிப்னாவின் பையிலிருந்த பாதித் துண்டை எடுத்துக் கட்டின் மேல் வைத்துப் பார்த்தோம். அதே நெசவு. கரையில் அதே சிவப்பு நூல். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் குச்சியைக் கிழித்தார். குப்பென்று பிடித்துக்கொண்டது.

அவருடைய முகத்தை நான் மறக்கமாட்டேன். தன் குச்சி தனக்கே பொய் சொல்லும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எரிகிற துணியைப் பார்த்தார், எரியாத துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்க இதுல எதாவது பூசினீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆமா நானா, மண்ணெண்ணெய் பூசினேன். எனக்கு வேற வேல இல்ல பாருங்க" என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவர் கட்டைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வெட்டிய துண்டுகள் மேசையில் கிடந்தன. அடுத்த நாள் ஜிப்னா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்று அந்த நாட்களில் சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது. ஒரே கட்டு, ஒரே துணி, ஒரே நெருப்பு. ஒன்று எரிகிறது, மற்றது எரியவில்லை. பனி ஈரமாக இருக்குமோ என்று பார்த்தேன். ஈரமென்றால் ஜிப்னாவின் துண்டுதான் பையில் கிடந்து அதிகம் ஈரமாகியிருக்கும், அதுதானே எரிந்தது. இடுக்கியில் ஏதாவது ஒட்டியிருந்ததோ என்று இடுக்கியைக் கழுவினேன். நானா விட்டுப்போன துண்டுகளை ஓய்வறையில் வைத்து எரித்துப் பார்த்தேன். அவை பிடிவாதமாக அணைந்தன. கொழும்புக்காரன் நல்ல துணியையும் கள்ளத் துணியையும் ஒட்டித் தந்துவிட்டான் என்று ஓர் ஆசிரியர் சொன்னார். கண்ணேறு என்று இன்னொருவர் சொன்னார். பிள்ளைகளுக்குள் ஜின் வரைக்கும் கதை போய்விட்டது. ஒன்று விளங்காதபோது எனக்கு வருகிற கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீடு கடைக்குப் பின்னால்தான். சும்மா கையோடு போவது சரியில்லை என்று ஜிப்னாவுக்கு ஒரு சால்வை வாங்கியிருந்தேன். பண்டாரவளையில் வாங்கியது. துணிக்கடைக்காரர் வீட்டுக்குத் துணி கொண்டுபோன மகாபுத்திசாலி நான்தான்.

நானாவின் மனைவி ஸகீனா கதவைத் திறந்தார். "வாங்க டீச்சர், உள்ள வாங்க" என்று இருத்தித் தேத்தண்ணீர் தந்தார். நானா நாற்காலியில் இருந்தார், எழும்பவுமில்லை, போகவுமில்லை. ஜிப்னா கதவு மறைவில் நின்றாள். சால்வையைக் கொடுத்தேன். ஸகீனா இரண்டு கையாலும் வாங்கி, "எதுக்கு டீச்சர் இதெல்லாம்" என்றார். முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடேயே பின்வாசலுக்குப் போய், சால்வையை ஒரு வாளிக்குள் போட்டு முக்கினார்.

நான் திகைத்துப்போய்ப் பார்த்தேன்.

"டீச்சர் கோவிக்காதீங்க" என்று அங்கிருந்தே சொன்னார். "கடத்துணி எந்தக் காலு மிதிச்சதோ, எந்த நாய் மோந்ததோ. மூணு தண்ணி காட்டாம தொழுற வீட்டுக்குள்ள எடுக்கமாட்டேன். இவர்ட கடையில உள்ளதுன்னாலும் அப்பிடித்தான்."

"என்ட கடைத் துணியவே இவ நம்புறல்ல டீச்சர்" என்றார் நானா. மூன்று நாளைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

முதல் தண்ணீரை ஊற்றிவிட்டு ஸகீனா இரண்டாம் தண்ணீரைப் பிடித்தார். குழாய்த் தண்ணீர் வாளிக்குள் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஸகீனா, ஜிப்னா பாடசாலைக்குக் கொண்டுவந்த துண்டு இருக்கே. அதையும் கழுவினீங்களா?"

"அதுக்கு மட்டும் என்ன விசேஷம்? தையல் மெசினுக்கு உறை தைப்பம்னு இவரு வெட்டித் தந்தது. மூணு தண்ணி காட்டிக் காயப்போட்டிருந்தேன். கொடியிலேர்ந்துதான் இவ எடுத்துக்கிட்டுப் போயிருக்கா."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நான்கு வாளியில் துணியை ஊறவைத்தவள் நான். துணிக்குள் மருந்து ஏறினால் எரியாது என்று கரும்பலகையில் எழுதியவளும் நான். தண்ணீரில் ஏறியது தண்ணீரில் இறங்கும் என்பது மட்டும் என் மண்டைக்கு எட்டவில்லை.

"நானா, கட்டுலேர்ந்து ஒரு துண்டு வெட்டித் தாங்க" என்றேன்.

ஸகீனா அதை மூன்று தண்ணீரில் அலசினார். ஜிப்னா இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துக் காயவைத்தாள். முற்றத்தில் வைத்து நானா குச்சியைக் கிழித்தார். துணி குப்பென்று பிடித்தது.

அவர் சிரித்தார். வாய்விட்டு, குழந்தைபோலச் சிரித்தார். "அப்ப கொழும்பான் பொய் சொல்லல்ல! நானும் பொய் சொல்லல்ல! டீச்சரும் ஒண்ணும் பூசல்ல! எல்லாம் இவட தண்ணி செஞ்ச வேல!" ஜிப்னாவின் தலையைத் தடவினார். "நாளைக்குப் பள்ளிக்கூடம் போ மகள். வாப்பாட துணி நல்ல துணின்னு எல்லாருக்கும் சொல்லு." நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதுகூட அவருக்கு ஞாபகம் இல்லை. ஜிப்னாவும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஸகீனா மட்டும், "நான் என்ன செஞ்சேன்?" என்று விளங்காமல் நின்றார்.

அப்புறம் அவருடைய சிரிப்பு நின்றது. கருகிய துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், பெரியாயி அந்தத் துணியக் கழுவுமா?"

அவர் கேட்ட பிறகுதான் எனக்கும் உறைத்தது. பெரியாயி அக்காவை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். கழுவாமல் இருக்கிற ஆளா அவர்?

உடனே ஓட்டோ பிடித்தோம். கொஸ்லந்தைப் பக்கம் இறங்குகிற வீதியில் நான்தான் பேசினேன். ஒருவேளை கழுவியிருக்கமாட்டார், ஒருவேளை ஒரு தடவைதான் கழுவியிருப்பார் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டே வந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுத் தாய்மார் பால் கொடுக்க வந்திருந்தார்கள். கூடைகள் வாசலில் வரிசையாக இருந்தன. "வாங்க நானா! டீச்சரம்மாவும் வந்திருக்கு!" என்று பெரியாயி அக்கா சத்தம் போட்டார். பிள்ளைக்காம்பரா பளிச்சென்று இருந்தது. சன்னல்களில் திரைச்சீலைகள். கடைக் கட்டாக இருந்தபோது மங்கிய பழுப்பாக இருந்த துணி இப்போது வெள்ளை வெளேரென்று இருந்தது. சவர்க்கார வாசம் அடித்தது.

"எப்பிடி இருக்கு பாத்தீங்களா நானா?" என்றார் அக்கா. "நீங்க குடுத்தத அழுக்காவா விடுவேன்? புள்ளைங்க மூக்கு தொடைக்கும், பால கக்கும். வாரா வாரம் பீலித் தண்ணியில கொண்டுபோய் நல்லா அடிச்சுத் தொவைச்சிடுவேன்."

நானா அதைக் கேட்கவே இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது சன்னலுக்குக் கீழே இருந்ததை. மண்ணெண்ணெய் அடுப்பு அங்கே இருந்தது. அவர் சீலை மாட்டிய அன்று அறையின் மறுகோடியில் இருந்த அடுப்பு. பால் சட்டி அதன் மேல் கொதித்துக்கொண்டிருந்தது. சீலையின் ஓரம் காற்றுக்கு அசைந்து சட்டியைத் தொட்டுத் தொட்டுப் போனது. இரண்டு எட்டுத் தள்ளிப் பாயில் பிள்ளைகள் தூங்கின.

அவர் போய் அடுப்பை அணைத்தார். சூட்டோடு சட்டியை இறக்கினார். அடுப்பைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வந்து, ஒவ்வொரு சன்னலாகச் சீலைகளைப் பிடுங்கினார். கம்பியோடு பிடுங்கினார்.

"என்னங்க நானா! குடுத்தத திருப்பி எடுக்குறீங்களா?" பெரியாயி அக்காவின் குரல் உடைந்துவிட்டது. தாய்மார் எழுந்து வந்தார்கள். "நாங்க ஏதும் தப்பு பண்ணிட்டமா?" என்று ஒருத்தி கேட்டாள். பிள்ளையை மார்போடு அணைத்திருந்தாள்.

நான் முன்னால் வந்து, மருந்து, தண்ணீர் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டீச்சர் சொன்னா வெளங்கும். ஆனா அன்னைக்குக் காட்டினது நான். இன்னைக்கும் நான்தான் காட்டணும்."

முற்றத்து வெறும் மண்ணில் ஒரு சீலையைப் போட்டார். முதல் குச்சியைக் காற்று அணைத்தது. இரண்டாவதையும் அணைத்தது. மூன்றாவது முறிந்தது. நாலாவது பிடித்தது. சீலை மொத்தமும் ஒரே மூச்சில் எரிந்தது. தாய்மார் பின்னுக்குப் போனார்கள். சுவாலை அடங்கிச் சாம்பல் பறந்தபோது பாலுக்கு அழுகிற ஒரு பிள்ளையின் சத்தம் மட்டும் கேட்டது.

"கழுவினா இது பத்தும்" என்றார் நானா. "எனக்கு அது தெரியாது. தெரியாமலே பத்தாதுன்னு சொல்லிட்டேன்."

பெரியாயி அக்கா சாம்பலைப் பார்த்தார். பிறகு வெளியே கிடந்த அடுப்பைப் பார்த்தார்.

"அன்னைக்குப் பத்தினதுக்குப் பொறகு நான் அடுப்ப அந்தக் கோடிக்கு மாத்தி வச்சிருந்தேன்" என்றார். அழுகையும் கோபமுமாக வந்தது. "நீங்க பத்தாதுன்னு சொன்னதாலதான் நானா சன்னலுக்குக் கீழ கொண்டுவந்தேன். பொகை வெளிய போகட்டும்னு. புள்ளைங்க இருமாம தூங்கட்டும்னு. அம்புட்டுப் புள்ளையும் அதுக்குப் பக்கத்துலதான் தூங்குச்சு. இனிமே நீங்க சொல்றத நாங்க எப்பிடி நம்புறது?"

எனக்கு நானாவுக்காகப் பேசவேண்டும் போலிருந்தது. அக்காவுக்காகவும் பேசவேண்டும் போலிருந்தது. யார் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை. கழுவிய கையைக் குற்றம் சொல்ல முடியுமா? நல்லது செய்ய வந்த மனிதரைக் குற்றம் சொல்ல முடியுமா?

நானா சட்டைப்பையிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்தார். அக்காவின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தார்.

"நம்பாதீங்க. நான் சொன்னாலும் நம்பாதீங்க. கழுவுங்க, காயப்போடுங்க, நீங்களே பத்த வச்சுப் பாருங்க."

அக்கா அதை வாங்கினாரா, கையில் இருந்ததால் பிடித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனார். அடுப்பைப் பழைய கோடிக்கே கொண்டுபோய் வைத்தார். வெறும் சன்னல்களுக்குள்ளால் காற்று நேரே அடித்தது. திரும்பி வரும்போது நானாவின் கை இரண்டு மூன்று தடவை சட்டைப்பைக்குப் போய் வெறுமனே வந்தது. நான் பார்க்காதது போல இருந்தேன்.

ஜிப்னா திங்கட்கிழமை வந்தாள். யாரும் கேட்காமலே எழுந்து நின்று, கழுவாத துண்டையும் கழுவிய துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எரித்துக் காட்டினாள். எந்தப் பிள்ளையும் சிரிக்கவில்லை. தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிப் பிள்ளைக்காம்பராச் சன்னல்களுக்குத் தகரக் கதவு போட்டார்கள். நானா இரண்டு மாதத்துக்குப் புதுப் பெட்டி வாங்கவில்லை. பருத்தியா என்று கேட்டால் "எனக்குச் சொல்லத் தெரியாது" என்று மட்டும் சொன்னார். வியாபாரம் படுத்தது. கீழ்த் தோட்டத்து ஆட்கள் ஒருவரும் வரவில்லை. கடைக்குள் அவர் தனியாக இருப்பதைப் பஸ்ஸிலிருந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்தது.

தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை நான் கடையில் நின்றேன். பெரியாயி அக்கா உள்ளே வந்தார். நானா எழுந்தார். மேசையைத் துடைத்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. அடுக்கிலிருந்த சட்டைத் துணி ஒன்றைக் காட்டி எடுக்கச் சொன்னார். விரித்தார். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினார். முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தப் பழைய நெருப்புப்பெட்டியை எடுத்தார். உள்ளங்கையை மறைப்பாக வைத்துக் குச்சியைக் கிழித்தார். நூல் எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. விரலால் சாம்பலைத் தொட்டு நசுக்கிப் பார்த்தார்.

"வெட்டுங்க நானா" என்றார். "வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவிட்டு இன்னொருவாட்டி பாப்பேன்."

"பாருங்க" என்றார் நானா. கத்தரிக்கோலை எடுத்தார்.